பூக்குழி இறங்கிய கால்

ராஜபாளையம்
12.1.2025

அன்புள்ள அனுசியாவுக்கு,

நலமா என்று கேட்கக் கை வரவில்லை. நலமில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். உன் நம்பருக்கு அடித்தால் ஒரு ரிங்கோடு கட்டாகிறது. வாட்ஸப்பில் உன் படமும் போய்விட்டது. பிளாக் பண்ணிவிட்டாய் என்று புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு நாள் ஆனது. அதனால்தான் தபால். கவர் வாங்கப் போனால் போஸ்ட் ஆபீஸில், வேலைக்கு அப்ளிகேஷனா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

உன் இடது கணுக்காலில் ஜவ்வு கிழிந்துவிட்டது, மாவுக்கட்டு போட்டிருக்கிறது என்று உங்கள் கோல்கீப்பர் காளீஸ்வரி சொன்னாள். அன்றைக்கு ஃபுட்பால் மேட்சில் நீ விழுந்ததும் மைதானத்திலேயே உன் பக்கத்தில் வந்து உட்காரத்தான் நினைத்தேன். அதற்குள் உன் அண்ணன் கௌதம்ராஜ் உள்ளே ஓடி வந்தார். எங்கள் சித்தப்பா பாண்டிதுரையும் வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் போலீஸ்காரர், எதையும் கேஸாகத்தான் பார்ப்பார். "அந்தப் பிள்ள வீட்டுக்குப் போயிராத. போனா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்" என்றார். படிப்புக்காக அவர் வீட்டில்தானே தங்கியிருக்கிறேன். மீற முடியவில்லை.

நான் பந்துக்குத்தான் வந்தேன் அனு. மகாராஜபுரத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் எத்தனை தடவை உன்னிடம் அப்படி வந்திருப்பேன், நீ எத்தனை தடவை என்னைத் தாண்டிப் போயிருப்பாய். பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே ஏழாம் நம்பர் சட்டையை உனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நாலாம் நம்பரை மாட்டிக்கொண்டவள் நான். கல்லூரி வேறு வேறாகப் போனதால் எதிர் எதிரே நின்றோம். அவ்வளவுதான்.

பதில் போடு. வீட்டுக்கு வேண்டாம், கல்லூரி முகவரிக்குப் போடு. எங்கள் பி.டி. மேடம் வாங்கிக் கொடுத்துவிடுவார்.

உன் அன்புத் தோழி,
மாரீஸ்வரி


மடவார் வளாகம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்
27.1.2025

மாரீஸ்வரி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் வந்துவிடுகிற தூரத்துக்கு உன் கடிதம் மதுரையைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. முத்திரையைப் பார்த்தேன்.

உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுக்க மாட்டேன். எடுத்தால் மன்னித்ததாக ஆகிவிடும். எழுதினால் அப்படி ஆகாது என்று நினைக்கிறேன். சரியாகத் தெரியவில்லை.

கால் எப்படி என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அப்பா என்னை முதலில் கட்டுப் போடுகிறவரிடம்தான் கூட்டிக்கொண்டு போனார். அவர் முட்டை வெள்ளைக்கருவையும் உளுந்த மாவையும் குழைத்துப் பூசி மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். விடிய விடிய எறும்பு. மறுநாள் அண்ணன் அதைப் பிய்த்து எறிந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனான். எலும்புக்கு ஒன்றுமில்லை, ஜவ்வுதான் என்று மாவுக்கட்டு போட்டார்கள். கட்டுப் போட்டவர் கால் விரலைக்கூட அசைக்காதே என்றிருந்தார். டாக்டர் விரலை அசைத்துக்கொண்டே இரு என்கிறார். எங்கள் பி.டி. சார் ஐஸ் வைக்கச் சொல்கிறார். பெரியம்மா வெந்நீர் ஒத்தடம் என்கிறார். கால் என்னுடையது, முடிவெல்லாம் ஊருடையது. பார்க்க வருகிறவர்கள் அத்தனை பேரும் பால்கோவாவோடு வருகிறார்கள். இந்த ஊரில் இருந்துகொண்டு இதை யார் சாப்பிடுவது.

அண்ணன் ஸ்டேஷனுக்குப் போவோம் என்று குதித்தான். அப்பா ஆலங்குளத்திலிருந்து சுண்ணாம்புக்கல் லாரியை இறக்கிவிட்டு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "போயி? அங்க உக்காந்திருக்கிறது அவிய சித்தப்பன்தான" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எங்கள் தெருவில் பாதிப் பேச்சு இப்படித்தான் முடியும்.

அண்ணன் போனில் அந்த வீடியோ இருக்கிறது. காளீஸ்வரியின் தம்பி எடுத்தது. நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறோம். ஒரு தடவை பார்த்தால் நீ பந்துக்கு வருகிற மாதிரி இருக்கிறது. இன்னொரு தடவை பார்த்தால் காலுக்கு வருகிற மாதிரி இருக்கிறது. சரியான நேரத்தில் கோட்டு நடுவர் குறுக்கே வந்து தொலைக்கிறார். ஆனால் சத்தம் தெளிவாக இருக்கிறது. கோட்டுக்கு வெளியே நின்ற உன் அண்ணன் வேல்பாண்டி கத்துகிறார். "ஏட்டி மாரி, பந்த விடு, அவ கால எடு. நம்ம கிரவுண்டுல வந்து ஆடுதா பாரு." பக்கத்தில் நின்றவர்கள் சிரிக்கிறார்கள். அது உங்கள் தெருக்காரர்களின் கிரவுண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நகராட்சி கிரவுண்டு என்று நினைத்திருந்தேன்.

அவர் கத்தியது உனக்குக் கேட்டதா? இதற்கு மட்டும் பதில் எழுது. மற்றதெல்லாம் வேண்டாம்.

இப்படிக்கு,
க. அனுசியா


ராஜபாளையம்
10.2.2025

அன்பு அனுவுக்கு,

'அவர்களுக்கு' என்று எழுதியிருந்தாய். மேடம் முன்னால் பிரித்துவிட்டு மடக்கி வைத்துக்கொண்டேன். உனக்கு நான் எப்போது அவர்கள் ஆனேன்?

இங்கே எல்லோரும் சுகம். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவுக்கு இந்த வருடம் நெல் பரவாயில்லை. நம் பள்ளிக்கூட மைதானத்தில் பாதியை வேலி போட்டுவிட்டார்கள். கோல் கம்பத்தில் ஆடு கட்டியிருக்கிறது. உன்னிடம் சொன்னால் சிரிப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

முக்கியமான விஷயம். ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை, மாவட்ட மகளிர் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். இங்கே, அதே மைதானத்தில். இந்த அணியில் போய் மாநிலப் போட்டியில் ஆடினால்தான் சர்டிபிகேட். அந்த சர்டிபிகேட் இருந்தால்தான் போலீஸில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு எழுத முடியும். உனக்குத் தெரியாததா. எனக்குச் சித்தப்பா இருக்கிறார், வேறு வழியிலும் பார்க்கலாம். உனக்கு அது ஒன்றுதான் வழி. அதனால் கால் சீக்கிரம் சரியாக வேண்டும். ஆஸ்பத்திரியில் சொல்வதை மட்டும் கேள்.

நானும் ஒழுங்காக ஆடவில்லை. பயிற்சியில் எதிராளி பந்தோடு வந்தால் நின்றுவிடுகிறேன். "என்னடி, வழி விட்டு வரவேற்பு குடுக்கியா?" என்று மேடம் திட்டுகிறார். ஏன் என்று தெரியவில்லை.

மைதானம் என்றால் எல்லோரும்தான் கத்துவார்கள் அனு. உன் அண்ணனும் கத்துவார். அதையெல்லாம் போட்டு யோசிக்காதே.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாரி


ஸ்ரீவில்லிபுத்தூர்
16.3.2025

மாரிக்கு,

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. ஆடு கட்டியதைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். உள்ளே இருந்து வந்த கால் வேறு யாருடையதோ போல இருந்தது. வெளுத்து, மெலிந்து, தோல் உரிந்து. அப்பா பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். இப்போது நடக்கிறேன். நேராக ஓடுகிறேன். கணுக்கால் பட்டை போட்டிருக்கிறேன்.

ஆனால் வீட்டில் வேறு கூத்து. நான் விழுந்த அன்றைக்கே அம்மா, கால் சரியானால் என் மகள் பூக்குழி இறங்குவாள் என்று பெரிய மாரியம்மனுக்கு நேர்ந்திருக்கிறாள். நேர்ந்ததை என்னிடம் இப்போதுதான் சொல்கிறாள். "நீ எறங்க வேண்டியதுதான, என் கால ஏன் எழுதிக் குடுத்த?" என்று கேட்டேன். "ஒன் காலுக்குத்தான கேட்டேன், பொறவு ஒன் காலுதான எறங்கணும்" என்கிறாள். நியாயமாகத்தான் இருக்கிறது, அதுதான் கோபமாக வருகிறது. கோழியை நேர்ந்துவிட்டால் கோழியைக் கேட்கிறோமா. அப்படித்தான் என் காலையும் யாரும் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை.

காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டினால் செருப்புப் போடக் கூடாது. டாக்டரோ ஷூ இல்லாமல் வாசலைத் தாண்டாதே என்று சொல்லியிருந்தார். அடுத்து, கணுக்கால் பட்டை செருப்புக் கணக்கில் சேருமா சேராதா என்று தெருவே கூடிப் பேசியது. அம்மா கோயில் பூசாரியிடமே போய்க் கேட்டுவிட்டாள். அவர் என் காலைக் குனிந்து பார்த்துவிட்டு, உள்ளங்கால் தரையில் படுகிறது, அதனால் சேராது என்று தீர்ப்புச் சொன்னார்.

பயந்துகொண்டே, காலுக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோ சாந்தி அக்காவிடம் போனேன். திட்டுவார் என்று பார்த்தால், மணலில் வெறுங்காலோடு ஒற்றைக் காலில் நிற்பதுதான் அடுத்த பயிற்சியாம். "டாக்டர் சொன்னது ரோட்டுக்கு, நான் சொல்றது மணலுக்கு" என்றார். காலையில் வைத்தியநாதர் கோயில் பக்கம் போய் ஒற்றைக் காலில் நிற்கிறேன். போகிறவர்கள், என்ன வேண்டுதல் என்று கேட்கிறார்கள். ஒருவர் கும்பிட்டுவிட்டே போனார்.

இப்போது கால் தேறுவது அம்மனால் என்று அம்மா சொல்கிறாள். பிசியோ அக்கா தன் பயிற்சி என்கிறார். கட்டுப் போட்டவர் வழியில் பார்த்து, அன்றைக்கு நான் போட்ட கட்டுத்தான் பிடித்தது என்றார். உடைத்ததற்கு மட்டும் ஆள் இல்லை.

கேட்டதா, இல்லையா?

அனுசியா


ராஜபாளையம்
23.3.2025

அனு,

தீயில் இறங்காதே. ஜவ்வு என்ன விறகா. உன் அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல். நான் சொல்லித்தான் கேட்கப் போகிறார்களா, தெரியவில்லை.

கேட்டது.

அதற்கு மேல் எனக்கே தெரியவில்லை. பந்தைப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். வரும்போது சத்தம் கேட்டது. கால் எதைக் கேட்டது என்று காலைத்தான் கேட்க வேண்டும். ராத்திரி படுத்தால் அந்த இடம் மட்டும் ஞாபகத்தில் இல்லை. அதற்கு முன்னால் இருக்கிறது, நீ கீழே கிடப்பது இருக்கிறது.

இதை யாரிடமும் காட்டாதே.

மாரி


ஸ்ரீவில்லிபுத்தூர்
2.4.2025

ஏட்டி மாரி,

யாரிடமும் காட்டவில்லை. படித்துவிட்டு நாள் முழுக்க உன்மேல் கோபமாக இருந்தேன். சாயங்காலம், இவள் பொய் சொல்லியிருக்கலாமே, சொல்லவில்லையே என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே நாளில்.

இறங்கினேன். பட்டையைக் கழற்றிவிட்டேன், நைலான், உருகிவிடும். மஞ்சள் புடவையை நனைத்துக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றோம். அம்மா முன்னால், நான் பின்னால். பக்கத்தில் போகப் போக முகம் காய்ந்தது. பயமாகத்தான் இருந்தது. பின்னால் நின்ற கூட்டம் நெட்டித் தள்ளியது. அப்புறம் என்ன நடந்தது என்றால், ஓடினேன். அவ்வளவுதான். அந்தப் பக்கம் கை கொடுத்துத் தூக்கிவிட ஆள் நின்றார்கள். உள்ளங்காலில் ஒரு கொப்புளம்கூட இல்லை. இடது கால் ஒரு சொல் சொல்லவில்லை. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பா அழாத மாதிரி நின்றார். எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. சாமியோ சாந்தியோ, கால் வந்துவிட்டது என்று.

முந்தாநாள் பயிற்சிக்குப் போனேன். பந்தோடு நேராக ஓடினேன், நன்றாக இருந்தது. காளீஸ்வரி சும்மா குறுக்கே வந்தாள், இடது காலை ஊன்றி வலது பக்கம் திரும்ப வேண்டும். கால் ஊன்றவில்லை. வலி கிடையாது. ஊன்றவில்லை, அவ்வளவுதான். பந்து ஒரு பக்கம் போனது, நான் மரம் மாதிரி நின்றேன். மறுபடி, மறுபடி. பி.டி. சார் பிசியோ அக்காவுக்கே போன் போட்டார். ஸ்கேனில் எல்லாம் ஒட்டிவிட்டதாம். நெருப்பில் ஓடிய கால் புல்லில் ஏன் நிற்கவில்லை என்று அம்மா என்னையே கேட்கிறாள், விரதத்தில் ஏதாவது குறை வைத்தாயா என்று.

யோசித்துப் பார்த்தேன். நெருப்பில் திரும்ப வேண்டியதில்லை. எதிரே யாரும் வருவதில்லை. இடது பக்கத்திலிருந்து யாரும் வருவதில்லை.

தேர்வு 20-ஆம் தேதி. அதே மைதானம். அங்கே வருகிற எவளாவது ஒருத்தி இடது பக்கத்திலிருந்து வரத்தான் போகிறாள். அப்போது நான் நின்றுவிட்டால் எல்லாம் அதோடு சரி. சர்டிபிகேட், வேலை, அப்பா லாரியிலிருந்து இறங்குவது, எல்லாம்.

அதனால் நீ வா. வந்து அன்றைக்குச் சறுக்கி வந்து போட்ட அதே டேக்கிளை இன்னொரு தடவை போடு. வேறு யார் போட்டாலும் அது அதுவாகாது. மன்னிப்பெல்லாம் வேண்டாம், டேக்கிள்தான் வேண்டும்.

அனு


ராஜபாளையம்
7.4.2025

அனு,

உனக்குப் பைத்தியம்தான் பிடித்திருக்கிறது. மறுபடி ஏதாவது ஆனால்? நான் என்ன ஆவேன்?

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். சித்தப்பாவிடம் ஆண்டாள் கோயிலுக்கு என்று சொல்லியிருக்கிறேன். வேல்பாண்டி அண்ணன் நான் வண்டியில் கொண்டுபோய் விடட்டுமா என்றான். பஸ்ஸிலேயே போகிறேன், நடந்து வருவதாக வேண்டுதல் என்று உளறிவிட்டேன். பஸ்ஸில் போவது எப்படி நடந்து போவதாகும் என்று அவனும் கேட்கவில்லை. பட்டையைப் போட்டுக்கொண்டு வா.

மாரி


ஸ்ரீவில்லிபுத்தூர்
14.4.2025

மாரிக்குச் சித்திரை வாழ்த்து.

நேற்று நடந்ததை உனக்கே எழுதுவது கிறுக்குத்தனம். ஆனாலும் எழுதாவிட்டால் நடக்காத மாதிரி ஆகிவிடும்போல இருக்கிறது. நாம் இரண்டு பேரும் எங்கள் பயிற்சி மைதானத்தில் நின்றதைப் பார்த்தது காளீஸ்வரி மட்டும்தான்.

நீ முதல் தடவை ஓடி வந்து பாதியில் நின்றாய். இரண்டாவது தடவையும் நின்றாய். அப்புறம் புல்லில் உட்கார்ந்து, "ஏலலட்டி, என்னால ஏலல" என்று முகத்தை மூடிக்கொண்டாய். காலை உடைத்துக்கொண்டவள் நான், உனக்கு நான் தைரியம் சொல்ல வேண்டியிருந்தது. "ஏட்டி, அன்னைக்கு வேல்பாண்டி சொல்லி வந்த. இன்னைக்கு நான் சொல்லுதேன், வா" என்று கத்தினேன். அப்படிச் சொன்னது தப்புத்தான். ஆனால் அதற்குத்தான் நீ எழுந்தாய்.

வந்தாய். இடது பக்கத்திலிருந்து, சறுக்கிக்கொண்டு. பந்தை மட்டும் எடுத்தாய், அவ்வளவு சுத்தமாக. நான் விழுந்தேன். எழுந்தேன். இன்னொரு தடவை வந்தாய், அப்போது என் இடது கால் ஊன்றியது. ஊன்றித் திரும்பியது. நீ என் பின்னால் புல்லில் கிடந்தாய். பழையபடி.

இப்போது ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. என் காலை உடைக்க உன்னால் ஊர் முன்னால் வர முடிந்தது. அதைச் சரியாக்க மட்டும் ஆண்டாள் பெயரைச் சொல்லி ஒளிந்து வர வேண்டியிருக்கிறது. தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன், எங்கள் வீட்டுத் தண்ணீர், குடித்தாய். மைதானத்தில் உன் ஆட்கள் நிற்கும்போது குடிப்பாயா? பள்ளிக்கூடத்தில் குடித்தாய். அப்போது நமக்கு ஒன்றும் தெரியாது, அதனால் எல்லாம் சரியாக இருந்தது.

தண்ணீர்கூட வேண்டாம். தேர்வன்று சித்தப்பாவும் வேல்பாண்டியும் நிற்பார்கள். அவர்கள் காதில் விழுகிற மாதிரி என்னைப் பெயர் சொல்லி ஒரு தடவை கூப்பிடு. பந்து கேட்பதற்காவது. அனு என்று. அன்றைக்கே உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிடுகிறேன்.

இதை நாளைக் காலையில் ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன், முன்கூட்டியே கிடைத்துவிடும்.

அனு


ஸ்ரீவில்லிபுத்தூர்
22.4.2025

மாரீஸ்வரிக்கு,

பட்டியலில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. நீ பார்த்திருப்பாய். எங்கள் வீட்டில் அம்மா மறுபடி ஏதோ நேர்ந்துவிட்டாள், என்னவென்று சொல்லமாட்டேன் என்கிறாள். அப்பா தெருவுக்கே டீ வாங்கிக் கொடுத்தார்.

என் கடிதம் உனக்குக் கிடைக்கவில்லையோ என்று நினைத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் உங்கள் பி.டி. மேடம் மைதானத்தில் என்னைப் பார்த்ததுமே, "ஒன் லெட்டர வியாழக்கெழமையே குடுத்துட்டேம்மா" என்றார்.

நம்மை ஒரே பக்கத்தில் போட்டது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நீ நடுவில் பந்தோடு நின்றாய். வலது ஓரத்தில் நான் ஆளில்லாமல் நின்றேன். கோட்டுக்கு வெளியே வேல்பாண்டி, கை கட்டிக்கொண்டு உன் சித்தப்பா. அதற்குச் செத்த நேரம் முன்னால்தான் நீ வெங்கடேஸ்வரியை வெங்கி என்று கூப்பிட்டிருந்தாய், அந்தக் கோவில்பட்டிப் பிள்ளையைக்கூடப் பெயர் கேட்டுத் தெரிந்துகொண்டு கூப்பிட்டாய். என்னைப் பார்த்தாய். வாயைத் திறந்தாய்.

"ஏழு" என்றாய்.

என் சட்டை நம்பர்.

பந்து வந்தது. மாரி, அந்த மாதிரிப் பந்து எனக்கு யாரும் கொடுத்ததில்லை. இடது காலுக்கு வேலையே வைக்காமல், வலது காலுக்கு ஓரடி முன்னால், அளந்து வைத்த மாதிரி. என் கணுக்காலைப் பற்றி டாக்டருக்கும் தெரியாததெல்லாம் அந்தப் பந்துக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் இடது பக்கத்திலிருந்து ஒருத்தி வந்தாள். நான் விழுந்து கிடந்த அதே மூலை. ஊன்றினேன். நின்றது. திரும்பினேன். கோல் விழுந்ததும் எல்லோரும் ஓடி வந்தார்கள். நீ நடுக்கோட்டிலேயே நின்று கைதட்டினாய்.

மூன்று நாளாக அண்ணன் எடுத்த வீடியோவைப் பார்க்கிறேன். ஏழாம் நம்பர் நீ கொடுத்த சட்டை, நமக்குள்ளே இருக்கிற பெயர் என்று நினைத்துக் கூப்பிட்டாயா? இல்லை, என் பெயர் உன் வாயில் வருவதை அவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று கூப்பிட்டாயா? ஒரு தடவை பார்த்தால் அது மாதிரி இருக்கிறது. இன்னொரு தடவை பார்த்தால் இது மாதிரி இருக்கிறது. இந்த முறை குறுக்கே யாரும் வரவில்லை. நீயும் நானும் தெளிவாகத் தெரிகிறோம். அப்படியும் தெரியவில்லை.

நீயும் உனக்கே தெரியவில்லை என்றுதான் எழுதுவாய். அதனால் எழுத வேண்டாம். மே மாதம் மாநிலப் போட்டிக்கு ஒரே வண்டியில்தான் கூட்டிப் போவார்களாம். உன் பந்து எனக்கு வேண்டும், வாங்கிக்கொள்வேன். நம்பர் பிளாக்கிலேயே இருக்கட்டும்.

கால் சரியாகிவிட்டது.

இப்படிக்கு,
ஏழு